அடித்துவிட்ட நான்கு வரிகள்

1957

மார்ச் 4, திங்கள்

மழை. நான்கு நர்சுகளும் வந்து சேர்ந்தார்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி, அங்கிருந்து மலாக்காவுக்குப் பஸ். மூவர் மதராஸ் பக்கம். ஒருவர் நாகர்கோவில். பெட்டிகளில் வெள்ளைச் சாயத்தால் பெயர் எழுதியிருந்தது.

மேட்ரன் கைகுலுக்கினார். மூவர் கையை நீட்டினார்கள். நாகர்கோவில்காரர் கும்பிட்டார். பிறகு அவசரமாகக் கையை நீட்டினார். அதற்குள் மேட்ரனின் கை போய்விட்டது.

மொழிபெயர்க்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்தது.

என் அறைக் கதவில் ‘உதவி அல்மோனர்’ என்று இருக்கிறது. நோயாளிகளின் வீட்டு நிலைமையை விசாரித்து எழுதும் வேலை. சிங்கப்பூரில் யுனிவர்சிட்டியில் இரண்டு வருடம் படித்ததற்கு இந்த மேசையும் ஒரு மின்விசிறியும். மேட்ரன் சொன்னார்: புதியவர்களுக்கு இந்த ஊரைப் பற்றி எழுதிக் கொடு. யார் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுவார்கள், என்ன பேசுவார்கள். இரண்டு பக்கம் போதும். அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

மார்ச் 9, சனி

எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில். மலாய்க்காரர், சீனர், போர்த்துகீசியர், எஸ்டேட்டிலிருந்து வரும் தமிழர், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

மலாக்கா செட்டிகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அவர்களுடைய குடியிருப்பு, செட்டிக் கம்போங், தெரியும். பல தலைமுறைக்கு முன் வந்தவர்கள். கோயிலில் மாரியம்மன், பெயரில் பிள்ளை, உடுப்பு சாரோங் கெபாயா, வீட்டில் பேசுவது மலாய். தமிழ் தெரியாது.

மறுபடி படித்தபோது அந்தப் பத்தி மட்டும் அழகாக இருந்தது. கட்டுரைப் போட்டிக்கு எழுதியதுபோல. மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி வழிந்தது. அந்தப் பத்தியையே அடித்துவிட்டேன். எப்படியும் சில நூறு பேர்தான்.

இப்போது சரியாக இருக்கிறது. சதை இல்லை.

மார்ச் 13, புதன்

தாள் நான்கு பிரதி தட்டச்சாகி வந்தது. மூன்று பேர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நாகர்கோவில்காரர் மடித்து உடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். பெயர் கனகபாய்.

மார்ச் 28, வியாழன்

நர்சுகளின் சாப்பாட்டு அறை. நீள மேசை ஒன்று, சின்ன மேசை ஒன்று. நீள மேசையில் இங்கே பிறந்தவர்கள். சின்ன மேசையில் வந்த நால்வர். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கனகபாய் கையால் சாப்பிடுகிறார். பெண்கள் வார்டின் சிஸ்டர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக் குடும்பம். முப்பது வருடம் இந்த ஆஸ்பத்திரியில். என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “கையால பிசைஞ்சு சாப்பிடுறதை வீட்டில செய்யட்டும், பிள்ளை. இது மெஸ். இதுகள் எல்லாத்துக்கும் தலையாட்டுதுகள். கேட்டுப் பாத்தால் ஒண்டும் விளங்கியிராது.”

நான் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை தட்டு எடுக்க வந்தாள். வார்டு ஆயா. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள், யாரிடமும் நின்று பேசுவாள். இவர்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ஊரு மிஸ்ஸி. நர்ஸ் என்றால் இங்கே மிஸ்ஸி.

“அப்ப அவிய?” என்று கனகபாய் நீள மேசையைக் காட்டிக் கேட்டார்.

“அவங்க இந்த நாட்டு மிஸ்ஸி. நாட்டுக்கோழி, சீமைக்கோழின்னு சொல்றதில்லையா, அது மாதிரி.”

“அதுல நான் எது?”

“முட்டை போடட்டும், பாத்துச் சொல்றேன்.”

கனகபாய் சத்தமாகச் சிரித்தார். நீள மேசை திரும்பிப் பார்த்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

கனகபாய் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கடலைக் காட்டுங்கள் என்றாள். பண்டார் ஹிலிர் கடற்கரை வரை நடந்தோம். அலை இல்லை. சேறு.

“இதுவா கடலு?” என்றாள். “எங்க ஊருல கடலு கிடந்து அடிக்கும், மிஸ். இது என்னா, வண்ணான் தொறை மாதிரி கிடக்கு.”

பிறகு கேட்டாள், ஆறு மாசம் கழிச்சு வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா என்ன ஆகும் என்று. செப்டம்பர் நாலாம் தேதியோடு அவர்களுடைய சோதனைக் காலம் முடிகிறது. அதுவரை வார்டு சிஸ்டர் மாதாமாதம் எழுதுவார். நிர்வாகக் குழு முடிவு செய்யும். வேண்டாமென்றால் கப்பலுக்கு அவர்களே ஏற்பாடு செய்து அனுப்பிவிடுவார்கள். சொன்னேன்.

“எங்க அனுப்புவாவ?”

ஊருக்கு.

அவள் அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் இருந்தவள். பெரிய டாக்டர் போகக் கூடாது என்று சொல்லியும் வந்தவள். அங்கே இனி இடமில்லை. அண்ணன் பள்ளிக்கூட ஆசிரியர். கப்பலில் தனியாகப் போகிறவள் நம் வீட்டுப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டாராம். “திரும்பி இந்த வாசல மிதிக்கப்பிடாதுன்னு சொல்லிட்டான். அவன் சொன்னா சொன்னதுதான். அதனால எனக்கு ஊருன்னு இப்ப இதுதான். இந்தச் சேறு.”

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

திரும்பும்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அவளைவிட ஒரு வயதுதான் கூடுதல். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பிடித்திருந்ததா? கவனிக்க வேண்டும்.

மே 6, திங்கள்

சிஸ்டர் பொன்னுதுரை வார்டைப் பிரித்துவிட்டார். இந்தியப் பெயருள்ள நோயாளிகள் புது நர்சுகளுக்கு. மற்றவர்கள் பழையவர்களுக்கு. “தமிழாவது கதைக்கட்டும். மலாய் படிக்கிற மட்டும் சனம் காத்துக்கொண்டிருக்குமோ?” நியாயமாகத்தான் இருந்தது. பட்டியலை நான்தான் எழுதினேன்.

கனகபாய்க்கு முப்பது மலாய்ச் சொல் வந்துவிட்டது. சந்தையில் விலை கேட்கிறாள். அந்த வார்டில் அவற்றுக்கு இனி வேலையில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்குக் காஜா பெராங் சாலையில் ஒரு பெண்ணைச் சைக்கிள் தள்ளிவிட்டது. தலை சாக்கடை ஓரத்தில் அடித்து, சிறிது நேரம் நினைவில்லை. தூக்கி வந்தவர்கள் பெயரையும் வயதையும் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். தெய்வானை பிள்ளை, வயது ஐம்பத்திரண்டு. உடுப்பை மாற்றி ஆஸ்பத்திரி அங்கி போட்டார்கள். நெற்றியில் குங்குமம் இருந்தது.

பெயரைப் பார்த்துக் கனகபாயிடம் விட்டார்கள்.

தலையில் அடிபட்டவர்களை மணிக்கு ஒருமுறை கேள்வி கேட்டு எழுத வேண்டும். பெயர் என்ன, வீடு எங்கே, இன்று என்ன கிழமை. அவள் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன்:

12 மணி. கண் திறக்கிறார். கேள்விகளுக்குப் பதில் இல்லை.

1 மணி. தமிழில் கேட்டால் கண்களை மூடிக்கொள்கிறார். கைகளைக் கூப்புகிறார். காரணம் தெரியவில்லை.

2 மணி. தாய்மொழி நினைவில் இல்லை. அவ்வப்போது மலாய் போன்ற சொற்கள். மோசமாகிறது என்று நினைக்கிறேன்.

கீழே சிஸ்டர் பொன்னுதுரையின் கையெழுத்து.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். இளைஞர், இங்கிலாந்திலிருந்து வந்து ஐந்து வாரம். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். நர்ஸைக் கேட்கச் சொன்னார். நர்ஸ் தமிழில் கேட்டாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பினார். டாக்டர் சர்ஜனுக்குப் போன் செய்தார். மண்டைக்குள் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம், துளை போட வேண்டியிருக்கலாம். தலையை மழித்துத் தயாராக வைக்க உத்தரவு.

நான்கரைக்கு மகன் வந்தார். அப்பாசாமி, நிலஅளவை ஆபீஸில் வேலை. வீட்டு விவரம் கொடுக்க என் அறைக்குத்தான் முதலில் வந்தார். மலாயில் பேசினார். செட்டிக் கம்போங் என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முழு விலாசத்தையும் எழுதி முடித்த பிறகுதான் எழுந்தேன். அவரோடு வார்டுக்கு நடந்தேன். ஓடவில்லை.

திரைக்குப் பின்னால் பாதித் தலை முடிந்திருந்தது. தரையில் கூந்தல். வலது பக்கம் இன்னும் எண்ணெய் மினுங்கும் முடி, இடது பக்கம் வெள்ளைத் தோல். கனகபாய் கையில் சவரக்கத்தி.

மகன் “மா” என்றார்.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்து மலாயில் கேட்டார், கோழிக்குத் தீனி வைத்தாயா என்று. பிறகு, இன்று செவ்வாய்க்கிழமை, ஆபீஸிலிருந்து ஏன் சீக்கிரம் வந்தாய் என்று.

அவர் என்னைப் பார்த்தார். “எங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார், மிஸ்,” என்றார். மெதுவாக, மலாயில்.

எனக்குப் புரிந்தது. கணவன் இருக்கிற பெண்ணின் தலையை மழிப்பதில்லை. மகன் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். அந்த ஒன்றை நான் மொழிபெயர்க்கவில்லை.

சர்ஜன் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மூன்று தையல், ஒரு வாரம் படுக்கை.

ஜூன் 19, புதன்

அஞ்சலையைக் கேட்டேன். அவள் அந்த நேரம் முழுக்க வார்டில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அது மலாக்கா செட்டிப் பொம்பளன்னு எனக்குத் தெரியுங்க. பசாருல பாக்குறதுதானே. மிஸ்ஸி பக்கத்துல நின்னு தமிழ்ல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. படிச்சவங்க, என்னமோ டெஸ்டு செய்யிறாங்கன்னு நெனச்சேன்.”

ஏன் சொல்லவில்லை?

“நம்மள யாருங்க கேட்டாங்க?”

ஜூன் 20, வியாழன்

மேசை இழுப்பறையில் கைப்பிரதி இருக்கிறது. நான்கு வரியின் மேல் ஒரே கோடு. சுத்தமான கோடு. கீழே இருப்பதைப் படிக்க முடிகிறது.

ஜூன் 25, செவ்வாய்

கனகபாய் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“எங்க ஆசுபத்திரியில ஒரு வாத்தியாரு, அக்கா. மாட்டு வண்டியில இருந்து விழுந்தாரு. முழிச்சப்ப தமிழு போச்சு. பொண்டாட்டி கேக்காவ, புள்ளைய கேக்காவ, ஒண்ணும் வெளங்கல்ல. படிச்ச இங்கிலீசு மட்டும் நின்னுது. சாயங்காலம் செத்துட்டாரு. பக்கத்துல நான்தான் இருந்தேன். இந்த அம்மைக்கும் அதேதான்னு நெனச்சேன். பேரு தெய்வானை. நெத்தியில குங்குமம். தமிழு தெரியாதுன்னு நான் எப்படி நெனப்பேன்?”

அவளுடைய தாள் பையில்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் விரித்தாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது. “இதுல எல்லாரும் இருக்காவ. ரெண்டு மட்டம் வாசிச்சேன். அவிய மட்டும் இல்ல. எழுதினவியளுக்குத் தெரியாதோ என்னமோ.”

எழுதியது யார் என்று தாளில் இல்லை. மேட்ரன் எழுதியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் சொல்லியிருக்கலாம். கைப்பிரதி அவள் முழங்காலுக்கு நேரே, இழுப்பறைக்குள் இருந்தது.

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஜூலை 3, புதன்

மலாக்கா செட்டி சமூகத்திலிருந்து நிர்வாகக் குழுவுக்குக் கடிதம். மரியாதையான கடிதம். அதனால் இன்னும் கனமாக இருக்கிறது. பதினைந்தாம் தேதி விசாரணை.

சிஸ்டர் பொன்னுதுரை மாத அறிக்கை எழுதிவிட்டார். நிரந்தரம் செய்யத் தகுதியில்லை. “ஒருத்தியை அனுப்பினால் முடிஞ்சுது, பிள்ளை. பெரிசாக்கினால் எல்லாருக்கும் கரைச்சல்.” எல்லாருக்கும் என்றபோது என்னைத்தான் பார்த்தாரா? லண்டனில் அல்மோனர் பயிற்சிக்கு ஒரு இடம் இருக்கிறது. குழு என் பெயரை யோசிக்கிறது. அவருக்கு அது தெரியும்.

ஜூலை 5, வெள்ளி

டிஸ்சார்ஜ் ஆனவர்களை வீட்டில் பார்த்து எழுதுவது என் வேலை. தெய்வானை பிள்ளையைப் பார்க்கப் போனேன். வீட்டிலிருந்து நடந்து நான்கு நிமிடம். உள்ளே போவது இதுதான் முதல் தடவை. இருபத்து நான்கு வருடம் இந்தத் தெருவில்.

தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். இடப்பக்கம் மட்டும் மழித்துக் கிடந்ததால் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை என்று மீதியையும் வெட்டிவிட்டாராம். கணவர் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். எல்லாம் மலாயில்.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நர்ஸ் பேசும்போது ஏன் கண்ணை மூடிக் கைகூப்பினீர்கள்?

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“தமிழ் எங்களுக்குக் கோயிலில்தானே, நோனா. ஐயர் பேசுவார், பூசை செய்யும்போது. வேறு எங்கே கேட்கிறோம்? முழிச்சுப் பார்க்கிறேன், வெள்ளை உடுப்பில் ஒரு பெண் குனிந்து தமிழ் பேசுகிறது. மெதுவாக, திருப்பித் திருப்பி. சரி, நான் சாகப் போகிறேன், எனக்காகப் பூசை செய்கிறார்கள் என்று நினைத்தேன். பூசையில் நடுவே பேசலாமா? கும்பிட்டேன்.”

கணவர் ரேடியோவை அணைத்தார். சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை.

“தலையை மழிக்கும்போது?”

“அதுவும் பூசையில் ஒன்று என்று நினைத்தேன்.” பிறகு: “அந்தப் பெண் கை லேசான கை. ஒரு கீறல் இல்லை. அதை எழுதிக்கொள்.”

எழுதிக்கொண்டேன்.

மகன் வாசல்வரை வந்தார். “அம்மா சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை, மிஸ். நீங்கள் இந்தத் தெருதானே?”

ஆமாம் என்றேன்.

ஜூலை 8, திங்கள்

இரண்டு பேரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஒருத்தி முன்பு கண்டதை நினைவில் வைத்திருந்தாள். இன்னொருத்தி பூசையில் பேசவில்லை. நடுவில் நான்கு வரி இல்லை.

ஜூலை 15, திங்கள்

விசாரணை. குழுத் தலைவர் நாட்டுக்கோட்டை அண்ணாமலை செட்டியார், மேட்ரன், செயலாளர். சுவர் ஓரம் சிஸ்டர் பொன்னுதுரை. எதிரே கனகபாய், முழங்கால்களைச் சேர்த்து வைத்து. தெய்வானை பிள்ளையின் வாக்குமூலத்தைப் படிக்க என்னை அழைத்திருந்தார்கள்.

படித்தேன். செட்டியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அட, நம்ம பேசுறது அங்க மந்திரமால்ல இருக்கு. நான் போயி வட்டிக் கணக்குச் சொன்னாலும் கும்பிடுவாக போல.” மேட்ரனுக்கு மொழிபெயர்த்தேன். மேட்ரன் சிரிக்கவில்லை.

செட்டியார் கனகபாயின் வார்டுக் குறிப்பைக் கையில் எடுத்தார். “சிஸ்டர், நீங்க முப்பது வருஷமா இந்த ஊருல இருக்கீக. ஒங்களுக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டிருக்கீகளே.”

“வார்டில இருபத்தெட்டுப் பேர், ஐயா. எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டு நிக்கேலாது.”

“அப்ப இந்தப் புள்ளைக்கு யாருதான் சொல்லியிருக்கணும்?”

நான் கைப்பிரதியை மேசையில் வைத்தேன். தாளை எழுதியது நான், இந்தப் பத்தியை அடித்ததும் நான் என்றேன். வார்டைப் பெயர் பார்த்துப் பிரித்த பட்டியலும் என் கையெழுத்துதான் என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

மேட்ரன் கோட்டின் கீழே இருந்ததைப் படித்தார். இரண்டு தடவை. ஏன் எடுத்தாய் என்றார்.

நீளமாக இருந்தது.

“இதில் உருப்படியான பத்தி இது ஒன்றுதான்,” என்றார்.

செட்டியார் என்னைப் பார்த்து, “என்ன ஆத்தா, நீ அந்தத் தெருவுல இருக்கிறவளாச்சே,” என்றார். திட்டவில்லை. பிறகு கூடிப் பேசி எழுதி அனுப்புகிறோம் என்றார்கள்.

வெளியே நடையில் கனகபாய் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அதையும் எழுதுகிறேன்.

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

தெரியும்.

“நான் வந்து அந்தத் தாள ஒங்க முன்னால விரிச்சுப் போட்டப்பவும் தெரியும்.”

தெரியும்.

“தண்ணி குடிக்கியான்னு கேட்டிய. இருவது நாளா நான் தூங்கல்ல. எனக்க மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா போதும். அங்க சொல்லாட்டாலும் போயிட்டுப் போவுது.”

போய்விட்டாள்.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? உண்மையத்தானே சொன்னேன். லண்டன் போனாலும் போகுதுன்னுதானே சொன்னேன். இல்ல, யார்கிட்ட சொன்னேன்? மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட. நல்ல குரல்ல. அவகிட்ட இல்ல. அவ அந்த அறையில இருந்தா, அவ்வளவுதான். இருபது நாள். தினமும் வார்டு வாசல்ல பார்த்தேன். தினமும் குட் மார்னிங் சொன்னா.

ஜூலை 16, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

வார்டு வாசலில் கனகபாயைப் பார்த்தேன். “குட் மார்னிங், மிஸ்.”

ஆகஸ்ட் 31, சனி

சுதந்திரம். அம்மா வாசலில் கோலம் போட்டாள். எதிர்வீட்டுச் சீனர் கொடி கட்டினார். நானும் போய்க் கயிறு பிடித்தேன்.

செப்டம்பர் 4, புதன்

ஆறு மாதம் முடிகிறது. குழுவிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. யாரையும் கேட்கவில்லை. மாலையில் நர்சுகள் விடுதிப் பக்கம் நடந்தேன். வாசலில் பெட்டி எதுவும் இல்லை. அதற்கு அர்த்தம் எதுவாகவும் இருக்கலாம். கப்பல் பத்தாம் தேதிதான்.

அக்டோபர் 11, வெள்ளி

லண்டனுக்கு ஈப்போவிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடிதம் மூன்று வரி. நன்றாக எழுதியிருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். இன்று சேர்த்தோம். பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரம். நான் நோயாளியின் மகளாக உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இல்லாமல் இங்கே உட்காருவது இதுதான் முதல் தடவை. நாற்காலி உயரமாக இருக்கிறது.

கனகபாய் வந்தார். தோளில் பட்டை மாறியிருந்தது. சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் அணிவது வேறு நிறம்.

கட்டிலில் தொங்கிய நோயாளி டிக்கெட்டில் பெயரைப் பார்த்தார். உதவி அல்மோனர் பாக்கியலட்சுமியின் தாயார் என்று அவருக்குத் தெரியும். என்னையும் தெரியும். ஆனாலும் அம்மா பக்கம் குனிந்து, முதலில் மலாயில் கேட்டார், எந்த மொழியில் பேச வேண்டும் என்று. நல்ல மலாய். சந்தை மலாய் இல்லை, செட்டிக் கம்போங்கில் பேசும் மலாய். அந்த இழுப்பு எனக்குத் தெரியும், தெருவில் தினமும் காதில் விழுவது.

அம்மா என்னைப் பார்த்தாள். “ஏண்டி, பாத்தா நம்ம புள்ள மாதிரி இருக்கு. தமிழ் தெரியாதா, பாவம்?”

“தெரியும், அம்மா,” என்றார் கனகபாய், தமிழில்.

“அப்புறம் எதுக்கு மலாய்ல கேட்ட?”

“கேட்டுத்தான் எழுதணும்.” டிக்கெட்டில் பெயருக்கும் வயதுக்கும் நடுவே புதிதாக ஒரு கட்டம் அச்சாகியிருந்தது. அதில் ‘தமிழ்’ என்று எழுதினார். பக்கத்துக் கட்டிலிலும் பார்த்தேன். வரிசை முழுக்க இருந்தது.

“எங்க வலிக்கி? காட்டுங்க.”

“இங்கதாம்மா. சாப்பிட்டா பிடிச்சுக்குது.”

“நேத்து என்ன சாப்பிட்டிய?”

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஆட்டுக்கறியில் தொடங்கி, என் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பது வரை. கனகபாய் நடுவே நிறுத்தவில்லை. நாடியைப் பிடித்தபடி நின்று கேட்டார். எதையெதையோ எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அஞ்சு மணிக்கு மேல இருக்கக் கூடாது, மிஸ்,” என்றார்.

சரி என்றேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் குனிந்து கேட்டார்.

“நல்ல புள்ள,” என்றாள் அம்மா. “கையி மெத்துனு இருக்கு. ஒன் சிநேகிதியா?”

“இங்கே நர்ஸ்,” என்றேன். “நிரந்தரமாக.”